ஒரே நாள்ல ரெண்டு கிலோ ஏறிடுச்சா? உப்பையும் தண்ணியையும் கணக்குல வெச்சு வெயிட் குறைக்கிற வழி

போன ஆவணில ஒரு ஞாயித்துக்கிழமை சொந்தக்கார பொண்ணு கல்யாணம். காலைல டிபன், மத்தியானம் பந்தி, ரெண்டையும் ஒழுங்கா சாப்டேன், பொய் சொல்லல, அப்பளம் மட்டும் மூணு. சனிக்கிழமை காலைல 71.4 காட்டுன மெஷின் திங்கக்கிழமை காலைல 73.2 காட்டுது. அஞ்சு மாசமா பாத்து பாத்து சாப்பிட்டு குறைச்சதெல்லாம் ஒரே பந்தில போச்சேன்னு அன்னிக்கு பூரா பட்டினி கிடந்தேன், சாயங்காலம் தலைவலி, அந்த எரிச்சல்ல டப்பால இருந்த மிக்சர காலி பண்ணிட்டு படுத்தா செவ்வாக்கிழமை 73.5. இந்த கூத்த நான் ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ ஆடியிருக்கேன், உங்கள்ல பாதி பேரும் ஆடியிருப்பீங்க.

அப்புறம்தான் ஒரு சின்ன கணக்கு போட்டு பாத்தேன். உடம்புல ஒரு கிலோ கொழுப்பு ஏறணும்னா நம்ம செலவு பண்றதுக்கு மேல தோராயமா 7700 கலோரி உள்ள போகணும். 1.8 கிலோன்னா கிட்டத்தட்ட 13,860. அன்னிக்கு நான் எப்படி தின்னிருந்தாலும், ரெண்டு கப் பாயாசத்தையும் சேத்தே, மொத்தமா 3000 தாண்டியிருக்காது, அதுலயும் பாதிக்கு மேல உடம்பே செலவு பண்ணியிருக்கும். அப்ப அந்த 1.8 கிலோல கொழுப்புன்னு பாத்தா நூத்தம்பது கிராம் தேறுமா என்னமோ. கொஞ்சம் வயித்துக்குள்ள இருக்குற சாப்பாடு. மிச்சம் முழுக்க தண்ணி.

தண்ணி ஏன் தங்குதுன்னு எனக்கு புரிஞ்சது ஒரு ட்ரிப்ஸ் பாட்டில்லேருந்து. எங்கப்பாவுக்கு வயித்துப்போக்குன்னு ட்ரிப்ஸ் ஏத்தினப்ப பக்கத்துல உக்காந்துட்டு, போன்ல சார்ஜும் இல்ல, அந்த பாட்டில் லேபிளயே திரும்ப திரும்ப படிச்சிட்டு இருந்தேன். சோடியம் குளோரைடு 0.9 சதவீதம்னு போட்டிருந்துச்சு. அதாவது 100 மில்லி தண்ணிக்கு 0.9 கிராம் உப்பு, 500 மில்லி பாட்டிலுக்கு 4.5 கிராம், நம்ம வீட்டு டீஸ்பூன்ல முக்காலுக்கு மேல. நம்ம ரத்தத்தோட உப்புத்தன்மைக்கு கிட்டத்தட்ட ஒத்து வர்ற அளவு அது. இப்ப இத திருப்பி போட்டு பாருங்க. நீங்க வழக்கத்த விட 4.5 கிராம் உப்ப கூடுதலா சாப்ட்டு அது உடம்புலயே தங்கிடுச்சுன்னா, ரத்தம் கரிச்சு போகாம இருக்க உடம்புக்கு அரை லிட்டர் தண்ணி வேணும். அதுக்குத்தான் கல்யாண வீட்டுலேருந்து வந்த ராத்திரி அவ்ளோ தாகம், ரெண்டு சொம்பு தண்ணி உள்ள போகுது. அரை லிட்டர்னா அரை கிலோ, மெஷினுக்கு அது கொழுப்பா தண்ணியான்னு தெரியாது. கிட்னி நல்லா இருக்குற ஆளுக்கு இந்த கூடுதல் உப்பு ரெண்டு மூணு நாள்ல மூத்திரத்துல வெளிய போயிடும், தண்ணியும் அதோட போயிடும்.

இதுலேருந்து ரெண்டு விஷயம். உப்பு சாப்ட்டா கொழுப்பு போடாது. அதே மாதிரி உப்ப நிறுத்தினா கொழுப்பு கரையாது, தண்ணிதான் கொஞ்சம் இறங்கும், அத பாத்துட்டு அஞ்சே நாள்ல ரெண்டு கிலோ குறைச்சேன்னு சொல்றவங்க சொல்றதுல ஒண்ணரை கிலோ தண்ணி. அதனால நான் சொல்ல வர்றது உப்ப ஒழிங்கன்னு இல்ல. உப்ப ஒரு நியாயமான அளவுக்கு கொண்டு வந்து, தினமும் அதே அளவுல வெச்சுக்கோங்க. ஒரு நாள் மூணு கிராம் ஒரு நாள் பதினாலு கிராம்னு ஆடினீங்கன்னா வெயிட்டும் அதோட சேந்து ஆடும், நீங்க நிஜமா குறைஞ்சிருக்கீங்களா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது. தெரியாம போச்சுன்னா மனசு விட்டுப் போயிடும், டயட்ட நிறுத்துறவங்க நிறைய பேர் நிறுத்துறது இந்த இடத்துலதான்னு நினைக்கிறேன்.

உப்பு பாக்கெட் மேல தேதி எழுதுங்க

எவ்ளோ உப்பு சாப்பிடுறீங்கன்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில் "எங்க வீட்ல கம்மிதாங்க". எங்கம்மாவும் அதத்தான் சொன்னாங்க. சரி பாத்துடலாம்னு புது ஒரு கிலோ பாக்கெட் பிரிச்சப்ப அது மேல பேனாவால தேதி எழுதி வெச்சேன். 27 நாள்ல தீந்துச்சு. வீட்ல நாலு பேர். 1000 கிராம 27ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 37 கிராம், நாலு பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 9 கிராம் சொச்சம். இதுல வெளிய சாப்பிடுறது, பிஸ்கட், ஊறுகாய் பாட்டில், கடை அப்பளம் எதுவும் சேரல. உலக சுகாதார நிறுவனம் சொல்றது பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழ, நம்ம ஊர் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வழிகாட்டுதலும் 5 கிராம்தான். உலகம் பூரா சராசரி எடுத்தாலே 10 கிராமுக்கு மேல வருதுங்கிறதால நம்ம மட்டும் பாவம் பண்ணலன்னு ஒரு ஆறுதல்.

இந்த கணக்கு போடும்போது ஒண்ணு கவனிங்க, கோழி கழுவ, திராட்சை ஊற வைக்க, தொண்டை கரகரன்னா கொப்பளிக்க, வெள்ளிக்கிழமை திருஷ்டி சுத்திப் போட, எல்லாத்துக்கும் அதே டப்பால கை விட்டீங்கன்னா கணக்கு கெட்டுப்போகும். இந்த வேலைக்கெல்லாம் தனியா ஒரு கல் உப்பு டப்பா வெச்சிடுங்க.

அடுத்தது தராசு. எங்கம்மாவுக்கு ஸ்பூனெல்லாம் கிடையாது, கைதான் அளவு. ஒரு நாள் சமைக்கும்போது, "ம்மா, சட்டில போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ இந்த தராசுல போடு"ன்னேன். "ஏன்டி, நாப்பது வருசமா ஆக்கிப் போட்ட கைக்கு இப்ப தராசு வெக்கிறியா"ன்னு ஒரு பாட்டு பாடிட்டுத்தான் போட்டாங்க. சாம்பாருக்கு 11 கிராம், ரசத்துக்கு 8, பொரியலுக்கு 4. மொத்தம் 23. நாலு பேர் சாப்ட்டா மத்தியானத்துக்கு மட்டும் ஆளுக்கு அஞ்சே முக்கால் கிராம், அந்த ஒரு வேளைலயே நாள் கணக்கு முடிஞ்சுது, இன்னும் இட்லி மாவு உப்பு, சட்னி உப்பு, ராத்திரி தொட்டுக்க குருமா உப்பு எல்லாம் வரிசைல நிக்குது. அம்மாவே அந்த நம்பர பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசல. சமையல் தராசு ஐநூறு ரூவாக்குள்ளயே கிடைக்குது, வெயிட் குறைக்க வாங்கின மத்த எந்த சாமானும், அந்த மடிச்சு வெச்ச டிரெட்மில் உட்பட, இது மாதிரி உழைக்கல.

தராசு இல்லன்னா தலை தட்டின ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 5லேருந்து 6 கிராம்னு வெச்சுக்கலாம். கல் உப்பு அதே ஸ்பூன்ல கொஞ்சம் கம்மியா நிக்கும், ஏன்னா நடுவுல இடைவெளி இருக்கு. அதனால கல் உப்புலேருந்து தூள் உப்புக்கு மாறின வீட்ல அதே ஸ்பூன் கணக்குல போட்டா கூடிப்போகும். இந்துப்பு நல்லது, அது வேற உப்புன்னு சொல்லிட்டு தாராளமா போடுறவங்க இருக்காங்க, ரோஸ் கலர்ல இருந்தாலும் அதுலயும் ஏறக்குறைய எல்லாமே சோடியம் குளோரைடுதான், விலை மட்டும்தான் வேற. அயோடின் சேக்காத இந்துப்பையே வீடு பூரா பயன்படுத்துனா அயோடினும் கிடைக்காம போகும், அதையும் யோசிங்க.

நாக்குக்கு தெரியாம வர்ற உப்பு

கரிக்கிற பொருள்ல உப்பு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஊறுகா, கருவாடு, மோர் மிளகா, வடகம், அப்பளம், இதுக்கு யாரும் சொல்லித்தர வேணாம், ஊறுகா கெடாம இருக்குறதே உப்பாலதான். கருவாட்ட நாலு தண்ணி கழுவினாலும் உள்ள ஊறின உப்பு முழுசா போகாது. பிரச்சனை இனிக்கிற, சப்புன்னு இருக்குற ஐட்டம்தான். பிரெட், பன், கிரீம் பிஸ்கட், ரஸ்க் இதுல எல்லாம் சோடியம் இருக்கு. சமையல் சோடாவுல எடைக்கு கால் பங்குக்கு மேல, அதாவது 27 சதவீதம், சோடியம். போண்டா, பஜ்ஜி, கேக், அப்பளம்னு இது போற இடம் நிறைய. அஜினமோட்டோல 12 சதவீதம், சாதா உப்புல 39 சதவீதம், அதனால அஜினமோட்டோவ மட்டும் திட்டிட்டு உப்ப விட்டுடாதீங்க.

இன்னொண்ணு, மருந்து கடைல வாங்குறது. தண்ணில போட்டா புஸ்ஸுன்னு பொங்குற மாத்திரை இருக்குல்ல, வலிக்கு, சத்துக்கு, அசிடிட்டிக்கு, அதெல்லாம் பொங்குறதே சோடா கலந்ததாலதான், சிலதுல ஒரு மாத்திரைக்கே 300, 400 மில்லிகிராம் சோடியம் வரும். வெயில் காலத்துல ஓஆர்எஸ்ஸ ஜூஸ் மாதிரி வாங்கி குடிக்கிறதும் இப்ப பழக்கமாயிடுச்சு. சரியான ஃபார்முலா ஓஆர்எஸ் ஒரு லிட்டர்ல 1700 மில்லிகிராமுக்கு மேல சோடியம் இருக்கு, வயித்துப்போக்குக்கு அது உயிர் காக்கிற மருந்து, ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு அது தேவையே இல்ல.

லேபிள் படிக்கிறது ஈஸி. பாக்கெட் பின்னாடி சோடியம்னு மில்லிகிராம்ல போட்டிருக்கும், அத 2.5ஆல பெருக்கினா உப்பு கணக்கு வந்துடும். 800 மில்லிகிராம் சோடியம்னா 2 கிராம் உப்பு. ஒரு நாள் மொத்தத்துக்கு 2000 மில்லிகிராம் சோடியம்தான் 5 கிராம் உப்பு, நம்ம ஊர் லேபிள்ல போடுற சதவீதமும் இந்த 2000த்த வெச்சுத்தான். ஆனா ஏமாத்துற இடம் ஒண்ணு இருக்கு, அளவு 100 கிராமுக்கு போட்டிருப்பாங்க இல்லன்னா "ஒரு பரிமாறல் 30 கிராம்"னு போட்டிருப்பாங்க, நீங்க சீரியல் பாத்துக்கிட்டே 150 கிராம் பாக்கெட்ட முடிச்சிருப்பீங்க. பாக்கெட் எடையோட பெருக்கி பாருங்க. சில பிராண்ட் நூடுல்ஸ்ல ஒரு பாக்கெட்டே நாள் கணக்குல பாதிக்கு பக்கத்துல வந்து நிக்கும், பெரும்பகுதி அந்த மசாலா பாக்கெட்லதான், பாதி மசாலா போட்டு செஞ்சாலே நல்லாத்தான் இருக்கு.

சமையல்ல எங்க குறைக்கிறது

உப்பில்லா பண்டம் குப்பையிலன்னு எங்கம்மா மூணு நாள் சொல்லிட்டே இருந்தாங்க. அவங்க சொல்றதும் சரி, ஒரே நாள்ல பாதியா குறைச்சா வீட்ல எல்லாரும் தட்டுல தனியா உப்பு போட்டுக்குவாங்க, அப்ப முன்ன விட அதிகமாத்தான் போகும். வாரத்துக்கு ஒரு சின்ன படி இறக்குங்க, 11 கிராம் போட்ட இடத்துல 10, அடுத்த வாரம் 9. நாக்கு பழக ஒரு மாசம், ஒண்ணரை மாசம் ஆகும், பழகிட்டா அப்புறம் பழைய ருசிய சாப்ட்டா கரிக்கும். எங்க வீட்டுக்காரர் இப்ப ஹோட்டல்ல சாம்பார் தொட்டுட்டு முகம் சுளிக்கிறார், இவர்தான் தயிர்சாதத்துல உப்பு பத்தலன்னு தினம் டப்பா கேட்டவர்.

எனக்கு ரொம்ப கை கொடுத்தது கீரை விஷயம். கீரைய சட்டி நிறைய பச்சையா போட்டு அந்த மலைய பாத்து உப்பு போடுவோம், வதங்கினா ஒரு பிடிதான் இருக்கும், உப்பு மட்டும் அப்படியே இருக்கும். வதங்கி இறக்கப் போற நேரத்துல போட்டா பாதி போதும். பொரியலுக்கும் அதே, கடைசில போடுற உப்பு மேலாப்புல நின்னு நாக்குல சட்டுன்னு படும். குழம்பு ரசத்துல புளி, மிளகு, வறுத்த சீரகம், கொத்தமல்லி தூக்கலா இருந்தா உப்பு கம்மியானது தெரியாது. எலுமிச்சை பிழிஞ்சா இன்னும் நல்லது, சுண்டல்ல, முட்டைல, வெள்ளரிக்கால எல்லாம் உப்புக்கு பதில் எலுமிச்சையும் மிளகுத்தூளும் போட்டு பாருங்க.

உப்பு முக்காவாசி தண்ணி பதார்த்தத்துலதான் போகுது. ரசத்த டம்ளர்ல ஊத்தி குடிக்கிறது, சாம்பார்ல இட்லிய முக்கி ஊற வெச்சு சாப்பிடுறது, சால்னாவ பரோட்டா மேல ரெண்டு தடவ வாங்குறது, இந்த மூணயும் கட்டுப்படுத்தினாலே கணிசமா குறையும். தயிர்சாதத்துல மூணு அடுக்கு வேணாம், சாதத்துல உப்பு போட்டா ஊறுகாய விடுங்க, மோர் மிளகா வேணும்னா சாதத்துல உப்ப விடுங்க.

ஹோட்டல்ல நம்ம கைல ஒண்ணும் இல்ல. பிரியாணி, ஃப்ரைடு ரைஸ், சிக்கன் 65 எல்லாம் சாப்பிடுற நாள் சாப்பிடுங்க, அன்னிக்கு மத்த ரெண்டு வேளைய உப்பே இல்லாத மாதிரி அமைச்சுக்கோங்க, அவிச்ச முட்டை, பழம், உப்பு போடாத மோர், பயறு சுண்டல் இப்படி. மொத்தம் ஏறாம பாத்துக்கிட்டா போதும்.

கூடவே பொட்டாசியம். கிட்னி சோடியத்த வெளிய தள்ள இது உதவுது, பெரியவங்களுக்கு நாளைக்கு 3500 மில்லிகிராம் அளவுக்கு வேணும்னு சொல்றாங்க. மாத்திரையெல்லாம் வேணாம், கீரை, பருப்பு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி, இளநீர் இதுலயே வரும். ஆனா கிட்னில பிரச்சனை இருக்குறவங்களுக்கு இதே பொட்டாசியம் ஆபத்து, இளநீர் கூட டாக்டர கேக்காம குடிக்கக்கூடாது. கடைல "லோ சோடியம்"னு விக்கிற உப்புல சோடியத்துக்கு பதிலா கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், அதனால கிட்னி பேஷண்ட், பிரஷருக்கு ராமிப்ரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை எடுக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்க அத தானா ஆரம்பிக்காதீங்க.

மெஷின்ல ஏறுற முறை

காலைல எழுந்து, பாத்ரூம் போயிட்டு வந்து, காபி குடிக்கிறதுக்கு முன்னாடி, கட்டாந்தரைல மெஷின வெச்சு ஏறுங்க, மிதியடி மேல வெச்சா தப்பா காட்டும். தினமும் எழுதுங்க, ஆனா தினமும் தீர்ப்பு சொல்லாதீங்க. ஏழு நாள் கூட்டி ஏழால வகுத்து அந்த சராசரிய போன வார சராசரியோட மட்டும் ஒப்பிடுங்க. போன வாரம் 72.3, இந்த வாரம் 71.9ன்னா 400 கிராம் குறைஞ்சிருக்கு, நடுவுல வியாழக்கிழமை 72.8 காட்டுச்சுங்கிறது கணக்கே இல்ல. இடுப்பு சுத்தளவையும் வாரம் ஒரு தடவ டேப் வெச்சு அளந்து எழுதுங்க, வெயிட் நின்னு போன மாதிரி தெரியுற மாசத்துல இடுப்பு இறங்கியிருக்கும்.

பொம்பளைங்களுக்கு வாரக் கணக்கும் சில நேரம் ஏமாத்தும். பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடி சில நாள்லேருந்து தண்ணி கோத்துக்கும், முதல் நாள் உச்சத்துல இருக்கும், அப்புறம் தானா வடியும். எனக்கு அந்த நாலு நாள் ஒரு கிலோ கிட்ட கூட காட்டும், மோதிரம் கழட்ட முடியாது. அதனால போன மாச பீரியட்ஸ் முடிஞ்ச அஞ்சாம் நாள் வெயிட்ட இந்த மாச அஞ்சாம் நாளோட ஒப்பிடுங்க. அந்த வாரத்துல மெஷின பாத்து சாப்பாட்ட இன்னும் குறைக்காதீங்க.

உப்பு இல்லாத வேற காரணமும் இருக்கு. சோறு, மாவு ஐட்டத்த எல்லாம் நிறுத்துற பேலியோ டயட் ஆரம்பிச்ச முதல் வாரமே மூணு கிலோ போச்சுன்னு சொல்றாங்கல்ல, அதுல பெரும்பங்கு தண்ணி. நம்ம சாப்பிடுற மாவுச்சத்துல ஒரு பகுதிய உடம்பு தசைலயும் கல்லீரல்லயும் கிளைக்கோஜனா சேத்து வெக்கும், ஒரு அரை கிலோ அளவு வரைக்கும், அதுல ஒவ்வொரு கிராமுக்கும் கூட சுமார் 3 கிராம் தண்ணி ஒட்டிக்கிட்டு இருக்கும். சோத்த நிறுத்தினதும் கிளைக்கோஜன் தீரும், தண்ணியும் போகும், இன்சுலின் குறையறதால கிட்னி சோடியத்தையும் கூடவே வெளிய விடும். அதான் அந்த வாரம் தலைவலி, கிறுகிறுப்பு, கால்ல குரக்களி. அப்ப உப்ப குறைக்கக்கூடாது, பிரஷர் பிரச்சனை இல்லாதவங்க சூப்புல கொஞ்சம் கூடவே போட்டுக்கலாம். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் பொங்கல் சாப்ட்டா ஒண்ணரை கிலோ ஏறும், உடனே அரிசி விஷம்னு பஞ்சாயத்து வெப்பாங்க, காலியான டேங்க் நிரம்புது, அவ்ளோதான்.

ஜிம்முக்கு புதுசா போய் முதல் நாளே ஐம்பது ஸ்குவாட் அடிச்சு மாடிப்படி இறங்க முடியாம கிடக்குறீங்களா, அந்த வலி இருக்குற மூணு நாலு நாள் தசையில தண்ணி கோத்து நிக்கும். சென்னைலேருந்து நாகர்கோவில் வரைக்கும் ராத்திரி பஸ்ல உக்காந்துக்கிட்டே போனா காலைல செருப்பு பத்தாது, பஸ் நிக்கிற இடத்துல எல்லாம் இறங்கி நடங்க, உக்காந்த இடத்துலயே பாதத்த மேலயும் கீழயும் ஆட்டுங்க, வீட்டுக்கு போய் கால தலகாணி மேல தூக்கி வெச்சு படுங்க.

தண்ணி குடிக்கிறத குறைச்சா தண்ணி கோக்காதுன்னு ஒரு கூட்டம், அஞ்சு லிட்டர் குடிச்சா உப்ப கழுவிட்டு போயிடும்னு இன்னொரு கூட்டம். ரெண்டும் வேணாம். தாகத்துக்கு குடிங்க, மூத்திரம் வெளிர் மஞ்சளா போனா சரியா குடிக்கிறீங்கன்னு அர்த்தம். உப்பையும் நிறுத்திட்டு தண்ணியையும் குடம் குடமா குடிச்சா ரத்தத்துல சோடியம் இறங்கி வாந்தி, குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும், வயசானவங்களுக்கும் பிரஷருக்கு நீர் மாத்திரை (மூத்திரத்த அதிகமா போக வெக்கிற மாத்திரை) எடுக்குறவங்களுக்கும் இது இன்னும் சீக்கிரம் வரும். மே மாச வெயில்ல கட்டட வேலை, வயல் வேலை, டெலிவரி வேலை பாக்குறவங்களுக்கு வேர்வைலயே உப்பு நிறைய போகுது, அவங்க உப்பு போட்ட நீர்மோர் தாராளமா குடிக்கலாம், 5 கிராம் கணக்க பிடிச்சு தொங்க வேணாம்.

நீர் மாத்திரைய பத்தி தனியா சொல்லணும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி ஃபுரோசிமைடு போட்டு முகத்த வத்த வெக்கிறது நடக்குது, எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணே போட்டுட்டு மேடைல மயங்கப் பாத்துச்சு. கொழுப்பு ஒரு கிராம் கூட போகாது, பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தாறுமாறா ஆகலாம், நிறுத்தின உடனே போன தண்ணி திரும்ப வந்து உக்காந்துக்கும். டாக்டர் எழுதித் தராம அந்த பக்கமே போகாதீங்க.

இப்ப, எல்லா வீக்கத்தையும் உப்பு தலைல கட்டக்கூடாது. கணுக்காலுக்கு மேல எலும்பு பக்கம் கட்டை விரலால பத்து செகண்ட் அழுத்தி எடுங்க, குழி விழுந்து அப்படியே நின்னா, அது ரெண்டு மூணு நாள்ல சரியாகலன்னா டாக்டர பாருங்க. காலைல கண்ண சுத்தி உப்பிப் போறது, மூத்திரம் நுரை நுரையா போறது, படுத்தா மூச்சு முட்டுறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, இதுல எது இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க, மூச்சு முட்டுறதும் ஒத்தக்கால் வீக்கமும் அன்னிக்கே பாக்க வேண்டியது. மாத்திரையாலயும் வரும், பிரஷருக்கு கொடுக்குற ஆம்லோடிபின்ல கணுக்கால் வீங்குறது ரொம்ப சாதாரணம், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை, ஸ்டீராய்டு எல்லாம் தண்ணிய பிடிச்சு வெக்கும். தானா நிறுத்தாம எழுதிக்கொடுத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க. இதய நோயாளிங்க வீட்ல இருந்தா அவங்களுக்கு ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுறது பந்தி சாப்பாட்டு கதை இல்ல, உடனே கூப்பிட்டு சொல்ல வேண்டிய விஷயம்.

விருந்துக்கு மறுநாள் என்ன பண்றது

பட்டினி கிடக்காதீங்க, அதான் முதல் வேலை. வழக்கமா சாப்பிடுற அதே அளவு, அதே நேரம், உப்பு உங்க வழக்கமான கணக்குக்கு திரும்பட்டும், அதுக்கும் கீழ போக வேணாம். காலைல ரெண்டு இட்லி சட்னியோட, மத்தியானம் கீரை பருப்பு, தயிர்ல உப்பு வேணாம், ஒரு வாழைப்பழம், ராத்திரி வழக்கம் போல. அரை மணி நேரம் நடங்க. மெஷின்ல ஏறணும்னு கை அரிச்சா ஏறி எழுதிட்டு வந்துடுங்க, அந்த நம்பருக்காக எதையும் மாத்தாதீங்க.

இந்த வருஷம் தை மாசம் இன்னொரு கல்யாணம், அதே மாதிரி ரெண்டு வேளை, அப்பளம் ரெண்டு. அதுக்குள்ள நான் 66.8க்கு வந்திருந்தேன், வீட்டு உப்பு பாக்கெட்டும் 38 நாள் வர ஆரம்பிச்சிருந்துச்சு, ரசத்துக்கு மட்டும் அம்மா இன்னும் கைய அடக்கல. திங்க 68.3. செவ்வா 67.9. புதன் 67.1. வியாழக்கிழமை காலைல 66.7.